கொங்குநாட்டைப் பற்றிய கிரேக்க வரிகள்: எந்த எழுத்துருவில் அடிப்பது?

பல்லடத்தில் உட்கார்ந்துகொண்டு கிரேக்க ஃபாண்ட் பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வார்கள். விசைத்தறிச் சத்தமும் கறிக்கோழி வண்டியும் உள்ள ஊர் இது. ஆனால் கொங்குநாட்டின் பழைய கதையை யார் எழுத உட்கார்ந்தாலும், நாலாவது பக்கத்திலேயே ஒரு கிரேக்கச் சொல் வந்து குறுக்கே நிற்கும். அதை எப்படி அடிப்பது, எந்த எழுத்துருவில் அடிப்பது என்று தெரியாமல் பலரும் ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இடத்துக்காகத்தான் இந்தக் குறிப்பு.

வெள்ளலூர்ப் பக்கம் கிடைத்த ரோமக் காசுகளில் இருப்பது லத்தீன். அதுக்கு ஆங்கில எழுத்தே போதும். கிரேக்கம் வேண்டியிருப்பது வேறு மூன்று நூல்களுக்கு. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பெரிப்ளஸ், மேற்குக் கரைத் துறைமுகங்களைச் சொல்லும்போது சேர அரசனைக் 'கேப்ரோபோதோஸ்' என்கிறது. 2ஆம் நூற்றாண்டு நடுவில் அலெக்சாந்திரியாவில் எழுதிய தாலமி, உள்நாட்டு ஊர்களின் பட்டியலில் 'கரூரா, கேரோபோத்ரோஸின் அரசிருக்கை' என்று ஒரு வரி வைக்கிறார். அதே பட்டியலில், கரூராவுக்குச் சற்று முன்னால், 'புன்னாட்டா, அங்கே பெரில் உண்டு' என்று இன்னொரு வரி. மூன்றாவது, வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ். 1985இல் அச்சில் வந்தது. முசிறிச் சரக்கு பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரமும், ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கும் அதில் இருக்கிறது.

கரூரா நம்ம கரூர்தான் என்பதற்குப் புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் வரும் சேரர் பெயர்கள் பெரிய பலம். புன்னாட்டாவை மைசூர்ப் பக்கத்துப் புன்னாடு என்று சொல்வோர் உண்டு. பெரில் கல்லை வைத்து, திருப்பூர்–காங்கயம் ரோட்டில் இருக்கும் படியூர்ச் சுரங்கத்தோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. நொய்யல் வடகரைக் கொடுமணலில் அந்தக் கல்லைப் பட்டை தீட்டிய பட்டறைகளே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த வழக்கு முழுக்க ஒன்றிரண்டு கிரேக்கச் சொற்களின் எழுத்துக்கூட்டின் மேல் நிற்கிறது. கேப்ரோபோதோஸா, கேரோபோத்ரோஸா? ஒரு 'பை' இருக்கிறதா இல்லையா, ஒரு 'ரோ' எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அசோகர் கல்வெட்டின் கேரளபுத்திரனோடு இதை இணைக்க அந்த எழுத்துகள் வேண்டும். அச்சில் அவை மாறிப்போனால் சாட்சியே போச்சு.

(இந்தக் குறிப்பில் ஒரு கிரேக்க எழுத்தைக்கூட நேராகப் போடவில்லை. படிக்கிறவர் ஃபோனில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன பிரயோஜனம்? எழுத்தின் பெயரையே தமிழில் சொல்லிவிடுகிறேன்.)

மாறிப்போவது எப்படி என்று ஒரு உதாரணம். காங்கயம் வட்டாரக் கற்களைப் பற்றிய ஒரு சிறு நூலின் பேஜ்மேக்கர் கோப்பு என் கைக்கு வந்தது. பெரிலுக்கான கிரேக்கச் சொல்லான 'பேருல்லோஸ்' அதில் சிம்பல் என்ற பழைய ஃபாண்டில் அடிக்கப்பட்டிருந்தது. அந்த ஃபாண்ட் இருக்கும் வரைக்கும் கிரேக்கம் மாதிரித் தெரியும். கோப்பை வேறு மென்பொருளுக்கு மாற்றியதும் ஃபாண்ட் போய்விட்டது. மிச்சம் நின்றது பி, ஹெச், ஆர், யு, எல், எல், ஓ, பெரிய வி என்ற எட்டு ஆங்கில எழுத்து. உண்மையில் உள்ளே இருந்ததும் அதுதான். கிரேக்கம் அங்கே எப்போதுமே இருக்கவில்லை. ஆங்கில எழுத்துக்குக் கிரேக்கச் சட்டை போட்டிருந்தார்கள். நாளைக்கு யாராவது அதைப் பார்த்து 'ப்ருல்லோவ்' என்று ஒரு கிரேக்கச் சொல் இருப்பதாக எழுதினாலும் ஆச்சரியம் இல்லை.

தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று நாம் பட்ட பாடு இதேதான். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமே முதலில் ஒரு குறியேற்றம், பிறகு டிஸ்கி, பிறகு யுனிகோடு என்று தன் நூல்களை மாற்றி மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. கிரேக்கக்காரர்கள் நமக்கு முன்னாலேயே அந்தச் சேற்றில் கால் வைத்தவர்கள். 1972இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரேக்க நூற்கருவூலத் திட்டம், வெறும் ஆங்கில விசைகளாலேயே எல்லாக் குறிகளையும் எழுதும் 'பீட்டா கோடு' என்ற முறையைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் ஓட்டியது. அது பார்க்க அசிங்கம். ஆனால் ஒழுங்கான முறை என்பதால் பிற்பாடு யுனிகோடுக்கு மாற்றச் சுலபமாக இருந்தது. ஆளுக்கொரு ஃபாண்டில் அழகாக அடித்துவைத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆக ஃபாண்ட் தேடப் போகும் முன் பார்க்க வேண்டியது, அடித்திருப்பது உண்மையான கிரேக்க எழுத்துதானா என்பது. சோதிக்கச் சுலப வழி: அந்த வரியைக் காப்பி செய்து நோட்பேடில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் கிரேக்கமாகவே இருந்தால் சரி. அதிலும் ஒரு வலை இருக்கிறது. கிரேக்க ஓமிக்ரானும் ஆங்கில ஓவும் கண்ணுக்கு ஒன்று; பெரிய ரோவும் ஆங்கிலப் பீயும் ஒன்று. அவசரத்தில் ஆங்கில எழுத்து ஒன்று நடுவில் புகுந்துவிட்டால் அச்சில் தெரியாது, தேடும்போது சொல் கிடைக்காது. நம்ம 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடிக்கிறோமே, காலுக்குப் பதில் ரகரம் அடிக்கிறார்களே, அதே வகை. எந்த ஃபாண்டும் இதைச் சரிசெய்யாது.

இன்னொரு வகை இரட்டை ஆபத்தில்லாதது. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். யுனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. கிரேக்கத்தில் மேலே சாய்கோடு போட்ட ஆல்ஃபாவுக்கு இப்படி இரண்டு இடம் உண்டு. ஒன்று இன்றைய கிரேக்கத்துக்கானது, மற்றது பழைய கிரேக்கப் பகுதியில் இருப்பது. இரண்டும் சமம். ஆனால் சில பழைய ஃபாண்டுகளில் ஒன்று நேர்க்கோடாகவும் மற்றது சாய்ந்தும் வரையப்பட்டிருக்கும். ஒரே வரியில் இரண்டு சாய்வு கண்ணில் பட்டால் வேறு வேறு குறி என்று நினைத்து மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஃபாண்டை மாற்றினால் போதும்.

இப்போ குறிகளுக்கு வருவோம். ஃபாண்ட் தேர்வு என்பதே பாதி இந்தக் குறிகளின் கதைதான். 1982இல் கிரீஸ் அரசு பழைய மேற்குறிகளை எல்லாம் விட்டு ஒரே ஒரு குறியோடு எழுதும் முறைக்கு மாறியது. அதனால் 'கிரேக்கம் உண்டு' என்று சொல்லும் ஃபாண்டுகளில் பல, இந்தப் புதுமுறைக்கு மட்டும்தான் உதவும். பழைய நூலுக்கு மூன்று அழுத்தக் குறி, இரண்டு மூச்சுக்குறி, எழுத்துக்கு அடியில் தொங்கும் சின்ன அயோட்டா, இரட்டைப் புள்ளி எல்லாம் வேண்டும். இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் வரும். யுனிகோடு இவற்றுக்காகவே விரிவுக் கிரேக்கம் என்று ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறது.

குறி போனால் என்ன என்று கேட்பவர்களுக்குத் தாலமிக்குப் பொருத்தமான ஒரே ஒரு சொல். 'ஓரொஸ்' என்றால் மலை. 'ஹோரொஸ்' என்றால் எல்லை. அடிப்படை எழுத்துகள் நான்கும் அப்படியே ஒன்றுதான். முதலெழுத்தின் மேல் இருக்கும் மூச்சுக்குறி இடப்பக்கம் வளைகிறதா வலப்பக்கம் வளைகிறதா என்பதுதான் வித்தியாசம். நிலவியல் நூலில் மலையும் எல்லையும் மாறினால் எப்படி இருக்கும்! காற்புள்ளி அளவே உள்ள அந்தக் குறி 10 புள்ளி அளவில், நம்ம ஊர் ஆஃப்செட் தாளில், மை பரவிய பிறகும் தெரிய வேண்டும். மெல்லிய கோடு உள்ள அழகான ஃபாண்டுகள் இங்கேதான் தோற்கின்றன.

எண்கள் இதைவிட மோசம். தாலமி ஊருக்கு ஊர் தீர்க்கரேகை, அட்சரேகை தருகிறார். எல்லாம் எழுத்தாலான எண். ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு, காமா மூன்று. நாமும் க, உ என்று எண் எழுதியவர்கள்தான், பழகிய சமாச்சாரம். பாகையின் பின்னத்தையும் அதே எழுத்தால்தான் எழுதுவார்கள். காமா மூன்றாகவும் இருக்கலாம், மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்வது பக்கத்தில் போடும் கோட்டுக்குறிதான். தாலமி கணக்கில் ஒரு பாகைக்கு 500 ஸ்டேடியம். ஒரு கோடு விழுந்துவிட்டால் சுமார் 167 ஸ்டேடியம் இருக்க வேண்டிய இடத்தில் 1500 வந்து நிற்கும். அதோடு 6, 90, 900 ஆகியவற்றுக்கு வழக்கொழிந்த ஸ்டிக்மா, கோப்பா, சாம்பி எழுத்துகள் வேண்டும். அரை, மூன்றில் இரண்டு ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் உண்டு. அவை யுனிகோடில் 2005இல்தான் சேர்ந்தன. பழைய ஃபாண்டில் அவை இருக்காது. இதைக் கேட்டுச் சோழர் கல்வெட்டில் மாவும் காணியும் முந்திரியும் அடிக்கப் போனவர்கள் தலையாட்டுவார்கள். நம்ம பின்னக் குறிகளுக்கு யுனிகோடில் இடம் கிடைத்தது 2019இல். இன்னும் பாதிக் கணினியில் கட்டம்தான்.

பாப்பிரஸ் வேறு உலகம். அதில் இந்த மேற்குறிகள் கிடையாது, சொல் பிரிப்பும் கிடையாது. பதிப்பாசிரியர் சேர்ப்பவைதான் எல்லாம், ஓலையில் புள்ளியில்லாமல் கிடந்ததை உ.வே.சா. பிரித்துப் புள்ளி வைத்துத் தந்த மாதிரி. அதனால் எது மூலம், எது பதிப்பாசிரியர் கை என்று காட்ட 1931இல் லைடனில் ஒரு வழக்கம் வகுத்தார்கள். அழிந்துபோய் ஊகித்து நிரப்பியது சதுர அடைப்பில். சுருக்கத்தை விரித்தது வட்ட அடைப்பில். எழுதியவரே அழித்தது இரட்டைச் சதுர அடைப்பில். பாதி அழிந்து சந்தேகமாக இருக்கும் எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி. இந்த அடிப்புள்ளி எந்த எழுத்தின் கீழும் சரியாக நடுவில் வந்து உட்கார வேண்டும். சாதாரண ஃபாண்டில் அது பக்கத்து எழுத்துக்குக் கீழே நழுவிவிடும். உறுதியான எழுத்து சந்தேகமாகவும், சந்தேகமானது உறுதியாகவும் ஆகிவிடும். முசிறிப் பாப்பிரஸிலிருந்து ஒரு வரி எடுத்துப் போடுவதாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் புள்ளியைத்தான்.

சிக்மா பற்றியும் ஒரு வார்த்தை. சொல் நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் என்பது வழக்கம். பாப்பிரஸ் பதிப்பாளர் பலர் இரண்டுக்கும் பதிலாகப் பிறை மாதிரி ஒரே வடிவம் போடுவார்கள். அதற்கென்று தனி யுனிகோடு இடமும் உண்டு. ஆனால் அதில் அடித்தால் பிற்பாடு தேடுவது சிரமம். எழுத்தைச் சாதாரணச் சிக்மாவாகவே வைத்துக்கொண்டு, வடிவத்தை ஃபாண்டிடம் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைக்கொம்பு 'லை'யை இப்போது நாம் அப்படித்தானே செய்கிறோம்? உள்ளே இருப்பது அதே லகரமும் ஐகாரமும். பழைய வடிவம் காட்டும் ஃபாண்டைப் போட்டால் பழையது தெரிகிறது.

சரி, எந்த ஃபாண்ட்? பாப்பிரஸ், கல்வெட்டு என்று போகிறவர்களுக்கு நியூ அதீனா யுனிகோடு. அமெரிக்காவின் செவ்வியல் ஆய்வுச் சங்கம் இலவசமாகத் தருவது. எண் குறி, பணக் குறி, பதிப்புக் குறி என்று வேண்டியதெல்லாம் இருக்கும். பார்க்க அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் கைவிடாது. கெய்ரோவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் இஃபாவோ கிரேக்கமும் இதே வேலைக்குச் செய்ததுதான்.

தாலமியிலிருந்து நாலு வரி மேற்கோள் காட்டினால் போதும் என்பவர்களுக்கு ஜென்டியம் நல்ல தேர்வு. காரணம் கிரேக்கம் மட்டுமல்ல. நம்ம கட்டுரையில் தமிழை ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுத வேண்டி வரும். ழ, ற, ன மூன்றுக்கும் அடிக்கோடு, ட, ண, ள மூன்றுக்கும் அடிப்புள்ளி. கிரேக்கக் குறியும் இந்தக் குறியும் இரண்டுமே ஒழுங்காக உள்ள ஃபாண்டுகள் கொஞ்சம்தான். ஜென்டியம் அதில் ஒன்று, கார்டோவையும் பார்க்கலாம். நோட்டோ செரிஃப் எடுத்தால் அதற்கு இணையாகத் தமிழ் நோட்டோ செரிஃபும் இருப்பதால் பக்கம் ஒரே தோற்றத்தில் வரும். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பலாட்டினோ லினோடைப்பும் பழைய குறிகளைத் தாங்கும். எதையும் இறக்க முடியாத அலுவலகக் கணினியில் அதுவே கதி.

ஏதென்ஸில் 1992இல் தொடங்கிய கிரேக்க எழுத்துருக் கழகத்தின் ஃபாண்டுகள் அழகானவை. டிடோ நிமிர்ந்த நேர்த்தி. போர்சன், 1808இல் இறந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிச்சர்ட் போர்சனின் கையெழுத்தை ஒட்டிய பழைய அச்செழுத்திலிருந்து வந்தது. நியோஹெலனிக், 1927இல் விக்டர் ஷோல்டரர் வரைந்ததிலிருந்து எடுத்தது. தமிழின் உருண்ட எழுத்துக்குப் பக்கத்தில் நன்றாகப் பொருந்துவது இதுதான் என்பது என் கட்சி. கூர்மையான டிடோ தமிழ் வரிக்கு நடுவில் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது. இவையெல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால் விலை போட்ட புத்தகத்திலும் போடலாம். எஸ்பிஎல் கிரேக்கமும் பிரில்லும் தரமானவை, ஆனால் வணிகமல்லாத வேலைக்குத்தான் இலவசம். 150 ரூபாய் விலை போட்டு விற்கும் ஊர் வரலாற்று நூலும் வணிகம்தானுங்க, உரிமத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கிரேக்கத்தைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம் என்பது என் கருத்து. அதன் எழுத்தே போதுமான வித்தியாசம் காட்டும். தமிழ் 11 புள்ளி என்றால் கிரேக்கம் ஒரு புள்ளி கூட வைத்தால் இரண்டும் சமமாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. லைடன் வழக்கத்தில் அடிப்புள்ளி என்றால் சந்தேக எழுத்து. ரோமன் பெயர்ப்பில் அதே புள்ளி லகரத்தை ளகரமாக்கும். கொடுமணல் ஓட்டில் இருக்கும் ஒரு பெயரை ரோமனில் எழுதி, அதில் சந்தேகமான லகரத்துக்கு அடியில் புள்ளி வைத்தால் படிப்பவர் ளகரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் பானையோட்டுப் பெயர்களுக்கு ரோமனில் அடிப்புள்ளிச் சந்தேகக்குறி வைக்கவே கூடாது. சந்தேகத்தை வாக்கியமாக எழுதிவிடுவது மேல்.

ஓட்டில் உள்ள தமிழ்-பிராமியை அப்படியே காட்ட நோட்டோ சான்ஸ் பிராமி இருக்கிறது. தமிழ்-பிராமிக்கென்றே செய்த ஆதிநாதாவும் இருக்கிறது. பிராமி யுனிகோடுக்குள் வந்தது 2010இல். அப்போதே தமிழுக்கான ழ, ற, ன இருந்தன. ஆனால் குறில் எகரம், ஒகரம், அவற்றின் உயிர்மெய்க் குறிகள், தமிழ்ப் புள்ளி, தமிழ் ளகரம் ஆகிய ஆறும் 2021இல்தான் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஃபாண்டைப் போட்டால் எகரம் குறிலா நெடிலா என்று காட்டவே வழியில்லை. கணினியில் பழைய பதிப்பு கிடந்தால் தூக்கிவிட்டுப் புதிதை இறக்குங்கள்.

கடைசியாக அச்சகம். நீங்கள் தேர்ந்த ஃபாண்ட் அங்கே இருக்காது. கோப்பைத் திறந்ததும் மென்பொருள் இல்லாத எழுத்துக்கு மட்டும் வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கும். ஒரே சொல்லில் சாதாரண ஆல்ஃபா ஒரு ஃபாண்டிலும், மூச்சுக்குறி போட்ட ஆல்ஃபா இன்னொரு தடிப்பிலும் நிற்கும். அதனால் ஃபாண்டை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்க வேண்டும். பேஜ்மேக்கரில் திரும்ப அடிக்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிஎஃப் ஆனதும் அதிலிருந்து கேரோபோத்ரோஸ் வரியையும் 'கொங்கு' என்ற சொல்லையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பு முன்னால் ஓடி 'ெகாங்கு' என்று வந்தால் அந்தக் கோப்பில் தமிழே கலைந்திருக்கிறது என்று அர்த்தம். கிரேக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கத்தை, மலையும் எல்லையும், காமா எண்ணும் காமா பின்னமும், அடிப்புள்ளி வைத்த ஒரு வரியும், ழ ற ன உள்ள ஒரு ரோமன் பெயரும் இருக்கும்படி செய்து, அச்சிடப்போகும் அதே தாளில் ஒரு ப்ரூஃப் கேளுங்கள். அதைக் கண்ணாடி போட்டும் போடாமலும் படித்துப் பாருங்கள்.